கஞ்சிப்பாசி பருவும் சிப்பி ஓடும்: கேத்லீன் ட்ரூவின் சோதனையை மண்டபம் கரையில் செய்து பார்க்கும் முறை

சித்திரை முதல் நாளுக்குள் சிப்பி ஓட்டின் மேல் செம்பாசி முளை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், தை மாதக் கடைசியிலேயே கடலில் இறங்கிப் பாசி எடுத்துவிட வேண்டும். வித்து (விதை இல்லை, பாசியின் ஸ்போர்) உதிர ஒரு நாள், ஊன்றி ஒட்ட இரண்டு நாள், தட்டையாகப் படர இரண்டு வாரம், அதிலிருந்து குருத்து எழும்ப இன்னும் சில வாரம். கூட்டிப் பார்த்தால் இரண்டு மாதம் ஓடிவிடும். மண்டபம், பாம்பன், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பள்ளி அறிவியல் மன்றங்களும் பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களும் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை இது. ஒரு மைக்ராஸ்கோப் மட்டும் இரவல் கிடைக்க வேண்டும்.

ஏப்ரல் 14-ஐ வைத்துக் கணக்குப் போடக் காரணம் உண்டு. அன்று நமக்கு வருஷப் பிறப்பு. மறுநாள் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும். அதே ஏப்ரல் 14-ல் ஜப்பானின் குமமோட்டோ மாகாணத்தில், ஊட்டோ என்ற ஊரில், அரியாகே கடலைப் பார்த்தபடி நிற்கும் நினைவுக்கல்லின் முன் நோரிப் பாசி வளர்ப்பவர்கள் கூடி ஓர் ஆங்கிலேயப் பெண்ணுக்கு நன்றி சொல்கிறார்கள். 1963-ல் நட்ட கல் அது. அந்தப் பெண்ணின் பெயர் கேத்லீன் மேரி ட்ரூ-பேக்கர். ஜப்பான் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. கல் நடுவதற்கு ஆறு வருஷம் முன்பே, 1957-ல், 55 வயதில் காலமாகிவிட்டார். அங்கே அவரைக் கடலின் தாய் என்கிறார்கள். கடல்பாசியால் அடுப்பெரியும் நம் கரையில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

அவர் கண்டுபிடித்தது என்ன

சோதனையைத் தொடங்கும் முன் இதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தட்டில் நடப்பது வெறும் பாசி வளர்ப்பாகப் போய்விடும்.

ட்ரூ 1901-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில், லீ என்ற ஊரில் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்து 1922-ல் முதல் வகுப்பில் தேறி, அங்கேயே விரிவுரையாளர் ஆனார். 1928-ல் உடன் பணிபுரிந்த ஹென்றி ரைட் பேக்கரை மணந்தார். மணமான பெண்ணுக்கு விரிவுரையாளர் வேலை கிடையாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் அன்றைய விதி. கணவரின் வேலை நிலைத்தது, மனைவியின் வேலை போனது. சம்பளம் இல்லாத ஆய்வாளராக அதே இடத்தில் தொடர்ந்தார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தபடியே செம்பாசிகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1939-ல் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். 1952-ல் பிரிட்டிஷ் பாசியியல் கழகம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

அவர் எடுத்துக்கொண்ட பாசி போர்ஃபைரா. செலஃபேன் தாள் மாதிரி மெல்லிய, நாவற்பழச் சாயல் கொண்ட இலை. வேல்ஸ் மக்கள் அதை வேகவைத்து உண்பார்கள். அதன் உறவுக்காரப் பாசியை ஜப்பானியர் தாளாகக் காயவைத்து நோரி என்பார்கள். இந்தப் பாசியிடம் ஒரு மர்மம் இருந்தது. குளிரில் பாறையெல்லாம் மூடும், கோடையில் இருந்த இடம் தெரியாமல் மறையும், மறுபடி குளிர் வந்தால் எங்கிருந்தோ வரும். ஜப்பானில் கடலோரத்தில் மூங்கில் கழியும் வலையும் நட்டுவிட்டு, பாசி வந்து ஒட்டுமா என்று காத்திருப்பதுதான் சாகுபடி. ஒட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் அதற்குச் சூதாடியின் புல் என்று பெயர். 1948-ல் விளைச்சல் அடியோடு விழுந்தது. வித்து எங்கே இருக்கிறது என்று தெரியாததால் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ட்ரூ போர்ஃபைராவின் வித்துகளை ஆய்வகத்தில் முளைக்கவைத்தார். இலை வரவில்லை. நூல் மாதிரி ஏதோ ஒன்று மெலிந்து வளர்ந்தது. அந்த நூல்களுக்குப் பக்கத்தில் சிப்பி ஓட்டை வைத்ததும் அவை ஓட்டுக்குள் துளைத்துப் புகுந்து, இளஞ்சிவப்புக் கறையாகக் கிளைத்துப் பரவின. அந்தக் கறையை அறிவியல் உலகம் முன்பே அறிந்திருந்தது. 1892-ல் பேட்டர்ஸ் என்பவர் கான்கோசெலிஸ் ரோசியா என்று அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார். வேறு குலம், வேறு பாசி என்றுதான் 57 வருஷம் எல்லோரும் நம்பினார்கள். இரண்டும் ஒரே உயிர், ஒன்று மற்றொன்றின் கோடைகால உருவம் என்று ட்ரூ 1949 அக்டோபரில் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பாக எழுதினார்.

கியூஷூ பல்கலைக்கழகத்தின் சொகிச்சி செகாவா அதை ஜப்பானியப் பாசியில் செய்து பார்த்து உறுதிசெய்தார். ஃபுசாவோ ஓட்டாவும் மற்றவர்களும் அதைத் தொழில்முறையாக மாற்றினார்கள். கோடையில் தொட்டிக்குள் சிப்பி ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டு அந்த நூல் உருவத்தை வளர்ப்பது, நீர் குளிரும் பருவத்தில் அது வித்து விடும்போது வலையைக் காட்டி ஒட்டவைப்பது, பிறகு வலையைக் கடலில் கட்டுவது. சூதாட்டம் விவசாயம் ஆனது அப்படித்தான்.

காட்சிப் பலகையில் எழுதும்போது செகாவா, ஓட்டா பெயர்களை விடக் கூடாது. ட்ரூ தனியாக ஜப்பானைக் காப்பாற்றினார் என்று எழுதினால் அது இன்னொரு அநியாயம். அவர் நோரியைக் கண்டுபிடித்தார் என்று எழுதினால் அது பிழை. மறைந்திருந்த பாதி வாழ்க்கையைக் கண்டுபிடித்தார் என்பதுதான் சரி.

நம் கரையில் எந்தப் பாசி

போர்ஃபைரா மண்டபம் பக்கத்துத் தென்கடலிலோ (மன்னார் வளைகுடா) வடகடலிலோ (பாக் விரிகுடா) தேடினால் எளிதில் கிடைக்காது. அதற்குப் பதில் கஞ்சிப்பாசியை எடுங்கள். கிரசிலேரியா எடுலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். செம்பாசி இனம், வித்து பெரியது, வெறும் கண்ணுக்கே தெரியும் அடையாளம் உண்டு. மரிக்கொழுந்துப் பாசி மெதுவாக வளரும், முதல் முயற்சிக்கு வேண்டாம். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்புப் பாசிகள், இந்தக் கதைக்கே சம்பந்தமில்லை.

மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் என்ற பாசியை எடுத்துவந்து வித்து வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. வராது. அதை நாம் துண்டு நறுக்கிக் கட்டி, 45 நாளில் அறுத்து, அதிலிருந்தே மறுபடி நறுக்கித்தான் வளர்க்கிறோம். எல்லாம் ஒரே தாயின் துண்டுகள். அதனால்தான் வெயில் கூடி நோய் வந்தால் மொத்த வரிசையும் சேர்ந்து வெளுத்து உதிர்கிறது. வித்தைப் பிடிக்கத் தெரிந்த கைகள் நம் கரையில் பெருக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

கஞ்சிப்பாசியில் மூன்று வகைச் செடி கலந்து நிற்கும். ஆண் செடியும் நால்வித்துச் செடியும் (நான்கு நான்காக வித்து விடுவது) பார்வைக்கு வழவழப்பாக ஒன்று போலவே இருக்கும். பெண் செடியில், கருவுற்ற பிறகு, கிளை நெடுகப் பரு கிளம்பியிருக்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவு, அரைக்கோளமாக. அந்தப் பருதான் நமக்கு வேண்டும். கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். கிளையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்தால் குருணை தட்டுவதுபோல் இருக்கும். பாசி எடுக்கும் அக்காமார்களிடம் ஒரு கிளையைக் காட்டிச் சொல்லிவிட்டால் போதும், விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் அவர்கள் கைக்கு அது உடனே பிடிபட்டுவிடும்.

ஏமாற்றும் பருக்களும் உண்டு. புழுக்கூடு, சுண்ணாம்புப் பொட்டு, சின்னஞ்சிறு சிப்பிக் குஞ்சு ஆகியவை கிளைமேல் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் அவை உதிர்ந்துவிடும், உண்மையான பரு உதிராது. பிளேடால் ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே அடர்சிவப்பாக இருந்தால் வித்து முற்றியிருக்கிறது. வெளிறியும் குழியாகவும் இருந்தால் வித்து ஏற்கெனவே போய்விட்டது.

எடுப்பதும் கொண்டுவருவதும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுக்குப் போகக் கூடாது. கரையோர ஆழமில்லா நீரில், கடல் வற்றும் நேரத்தில் கிடைப்பதே போதும். ஈரமாக 50 கிராம், அதாவது இரு கை கொள்ளும் அளவு. வேரோடு பிடுங்காதீர்கள். மேல் கிளைகளைக் கையால் ஒடியுங்கள், அடி நின்றால் திரும்பத் தழைக்கும். இரும்புச் சுரண்டி வேண்டவே வேண்டாம்.

சொதப்பல் அதிகம் நடப்பது கடலில் இல்லை, வரும் வழியில். பாலிதீன் பையில் கடல்நீரோடு பாசியைப் போட்டு வண்டியில் தொங்கவிட்டால் அரை மணி நேரத்தில் நீர் சூடேறிவிடும். பாசி செங்கல் நிறத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறி, தொட்டால் கொழகொழவென்று சளி விடும். அந்தப் பாசியிலிருந்து வித்து வராது, வந்தாலும் முளைக்காது. பாசியைக் கடல்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, மீன் பெட்டியில் வையுங்கள். உறைந்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி ஓரமாக வைக்கலாம். ஐஸ் பாசியைத் தொடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

நீரும் ஓடும்

மழை பெய்து ஓடை நீர் கலந்த நாட்களில் நீர் பிடிக்காதீர்கள். பத்து லிட்டர் கடல்நீரை நான்காய் மடித்த வேட்டித் துணியில் ஒரு முறையும், புனலில் அடைத்த பஞ்சில் மறுமுறையும் வடிகட்டுங்கள். பிறகு எவர்சில்வர் பாத்திரத்தில் 80 டிகிரி வரை சூடாக்கி பத்து நிமிடம் வைத்து, மூடி, இரவு முழுக்க ஆறவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் சுண்ணாம்புச் சத்து வெண்மையாகப் படிந்து நீர் கெட்டுவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது. ஆறிய நீரை டீ ஆற்றுவதுபோல் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றினால் சூட்டில் போன காற்று திரும்பக் கலக்கும்.

உப்பு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் வரை இருக்கலாம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மிதவைமானியில் பார்த்தால் 1.022-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

ஓட்டுக்குச் சமையலில் மிஞ்சிய மட்டி ஓடே நல்லது. 20 நிமிடம் நல்ல தண்ணீரில் கொதிக்கவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பத்து ஓடு போதும். பவளக்கல் கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வருகிறது.

வித்து உதிர்க்கும் நாள்

பாசிக் கிளைகளை வடிகட்டிய நீரில் ஐந்தாறு முறை அலசி, வாட்டர்கலர் பிரஷால் மெல்லத் தடவி அழுக்கையும் ஒட்டுப்பாசியையும் எடுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் பின்னால் ஒரு மாதம் வருத்தப்பட வேண்டிவரும். கூடவே வரும் பழுப்புத் துகள்பாசி (டயாட்டம்) செம்பாசியைவிட வேகமாகப் பெருகி ஓட்டை மூடிவிடும்.

அலசிய கிளைகளைக் காய்ந்த துணி மடிப்புக்குள் பரப்பி, நிழலில் முக்கால் மணி நேரம் விடுங்கள். கடல் வற்றும்போது பாசி வெளியே கிடந்து வாடுமே, அந்த வாட்டத்தைக் கொடுக்கிறோம். திரும்ப நீர் கண்டதும் பரு வெடித்து வித்து விடும். தொட்டால் ஈரப்பதம் தெரிய வேண்டும். மொறுமொறுப்பானால் செத்தது.

வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் ஓடுகளைக் குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். ஓரத்தில் நான்கு கண்ணாடிச் சில்லுகளும் வையுங்கள், மைக்ராஸ்கோப்பில் பார்க்க அவைதான் உதவும். மூன்று சென்டிமீட்டர் உயரம் நீர் ஊற்றி, பரு நிறைந்த கிளைகளை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஓடுகளுக்குச் சற்று மேலே நிற்கும்படி கட்டிய கொசுவலைத் துண்டின் மேல் பரப்புங்கள். நீர் துண்டுகளை மூட வேண்டும்.

இனி 24 மணி நேரம் தட்டை யாரும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, காற்றுக்குழாய் போடக் கூடாது. செம்பாசி வித்துக்கு நீந்தும் வால் கிடையாது. பச்சைப்பாசிக்கும் பழுப்புப்பாசிக்கும் உண்டு, இதற்கு இல்லை. விழுந்த இடத்தில் கிடக்கும், கிடந்த இடத்தில் ஒட்டும். பிள்ளைகள் பார்க்கும் ஆசையில் தட்டை ஆட்டினால் வித்தெல்லாம் மூலையில் குவிந்துவிடும். தட்டின் மேல் ஒரு தாளை ஒட்டி எழுதி வைப்பது நல்லது.

வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. வடக்குப் பார்த்த ஜன்னலோரம் சரியாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு ட்யூப்லைட்டை நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். நீரின் சூடு 25-லிருந்து 28 டிகிரிக்குள். தகரக் கூரை போட்ட கொட்டகையில் மாசி மதியத்துக்கே நீர் இதைத் தாண்டிவிடும். தண்ணீர் நிரப்பிய அகலமான மண் தொட்டிக்குள் தட்டை வைத்தால் சூடு தணியும்.

மறுநாள் காலை துண்டுகளை எடுத்துவிட்டு, தட்டின் அடியில் வெறுமையான இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு பருவுக்கும் நேர் கீழே செங்கல்பொடி தூவியதுபோல் ஒரு வட்டம் விழுந்திருக்கும். வெள்ளைத் தட்டு வாங்கச் சொன்னது இதற்குத்தான். கண்ணாடிச் சில்லை மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கு பெருக்கத்தில் வைத்தால் சிவந்த உருண்டைகள் தெரியும், சீராக, உருட்டிவிட்ட கேழ்வரகு மாதிரி. நிறமில்லாமல் ஓடித் திரிபவை வேறு உயிர்கள். அவை அதிகமாக இருந்தால் பாசியைச் சரியாக அலசவில்லை என்று அர்த்தம்.

எடுத்த துண்டுகளை எறிய வேண்டாம். புதுத் தட்டில் இன்னொரு நாள் வைத்தால் மறுபடி உதிரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வரத்து குறைந்துபோகும்.

இரண்டு மாதப் பராமரிப்பு

முதல் இரண்டு நாள் நீரை மாற்றாதீர்கள், ஒட்டாத வித்து போய்விடும். அதன்பின் நான்கு நாளைக்கு ஒரு முறை பாதி நீரை மாற்றுங்கள். நீர்மட்டத்தைத் தட்டில் மார்க்கர் கோடாகப் போட்டு வையுங்கள். காற்றில் நீர் ஆவியாகி இறங்கினால் நல்ல தண்ணீரை ஊற்றித்தான் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே பலரும் கடல்நீரை ஊற்றிவிடுகிறார்கள். நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தட்டிலேயே தங்கும். மேலும் கடல்நீர் சேர்த்தால் உப்பு ஏறி முளை சுருங்கிவிடும்.

ஒரு வாரம் கழித்து உரம். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் சோடியம் நைட்ரேட் 7.5 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரிலும், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5 கிராமை இன்னொரு 100 மில்லியிலும் தனித்தனியாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் ஊற்றும் புது நீரில் லிட்டருக்கு ஒவ்வொன்றிலிருந்தும் அரை மில்லி. கூடப் போட்டால் சீக்கிரம் வளரும் என்று நினைக்காதீர்கள், சீக்கிரம் வளர்வது பச்சைப்பாசியாகத்தான் இருக்கும்.

ஓட்டில் பழுப்புப் படலம் கட்டினால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, ஓடுகளைப் புது நீரில் மெல்ல ஆட்டி அலசுங்கள். ஆய்வகங்களில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஜெர்மேனியம் டைஆக்சைடு சேர்ப்பார்கள். அது துகள்பாசியை அடக்கும், ஆனால் விலை அதிகம். சுத்தமாக அலசித் தொடங்கினால் அது இல்லாமலே ஒப்பேற்றலாம்.

வித்து முதலில் இரண்டாக, நான்காகப் பிரியும். பிறகு வட்டத் தட்டாகப் படரும், சில்லில் பார்த்தால் சிவப்புப் பொட்டு மாதிரி. மூன்றாம் நான்காம் வாரத்தில் பொட்டின் நடுவில் குமிழ் எழும். அதுதான் குருத்து. இரண்டாம் மாதக் கடைசியில் ஓட்டைச் சாய்த்துப் பிடித்தால் ஊசிமுனைக் குருத்துகள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

இங்கே ஒன்றைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கஞ்சிப்பாசி ஓட்டைத் துளைக்காது. மேலேதான் ஒட்டும். அதன் வித்துச் செடியும் தாய்ச்செடியும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே உருவம். அதனால் கஞ்சிப்பாசியில் யாரும் ஏமாறவில்லை. போர்ஃபைராவில் தாய் இலை, பிள்ளை ஓட்டுக்குள் ஒளிந்த நூல். ஆணும் பெண்ணும் நால்வித்தும் ஒன்றுபோல் நிற்கும் பாசியை முதலில் பார்த்துப் பழகினால்தான், ஒன்றுபோல் இல்லாத இரண்டை ஒன்று என்று கண்டுகொள்ள எவ்வளவு கூர்மை வேண்டும் என்பது உறைக்கும்.

ஓட்டுக்குள் இருப்பதைப் பார்க்க: வினிகர்

ஓட்டைத் துளைக்கும் நூல் எப்படி இருக்கும் என்று நம் கரையிலேயே காட்டலாம். வெகுநாள் கடலில் கிடந்து கரை ஒதுங்கிய பழைய மட்டி ஓடுகளில், தேய்த்தாலும் போகாத பச்சைச் சாயல் இருக்கும். அந்த நிறம் ஓட்டின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. சுண்ணாம்பைத் துளைத்து வாழும் பச்சைப்பாசியும் நீலப்பச்சைப்பாசியும் அவை.

அந்த ஓட்டில் நாலு மில்லிமீட்டர் சில்லு ஒன்றை உடைத்து, சாதாரணக் கடை வினிகர் 50 மில்லியில் போடுங்கள். குமிழ் கிளம்பும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை வினிகரை மாற்றுங்கள். ஓட்டின் தடிமனைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று நாளில் கல் முழுக்கக் கரைந்து, அது இருந்த வடிவத்திலேயே ஒரு பசுமையான பஞ்சுப் படலம் மிதக்கும். அதைப் பிரஷால் ஏந்தி, நல்ல தண்ணீரில் அலசி, சில்லில் வைத்துப் பாருங்கள். வேர்க்கால் மாதிரி கிளைத்த நூல்கள். கல்லுக்குள் இவ்வளவு உயிர் இருந்ததா என்று பிள்ளைகள் வாய்பிளப்பார்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி அவசரப்படாதீர்கள். குமிழ் பொங்கிப் படலத்தைக் கிழித்துவிடும், கையும் கண்ணும் ஆபத்தில் போகும். இந்தச் சில்லில் காண்பது கான்கோசெலிஸ் இல்லை என்பதையும் பலகையில் எழுதுங்கள். கான்கோசெலிஸ் இளஞ்சிவப்பு. ஆனால் கல்லைத் துளைக்கும் வாழ்க்கை இதேதான். பேட்டர்ஸ் போல ஒருவர் அதைத் தனிப் பாசி என்று நம்பியதில் ஆச்சரியமில்லை என்பது கண்ணால் பார்த்தால் புரியும்.

முளைத்த ஓடுகளை என்ன செய்வது

வருஷப் பிறப்பு விடுமுறை என்பதால் பள்ளிகள் முந்தைய வேலை நாளிலேயே காட்சி வைக்கலாம். தட்டு, மைக்ராஸ்கோப், வினிகர்ச் சில்லு மூன்றும் ஒரே மேசையில் இருக்கட்டும். பாசி எடுக்கும் பெண்களை அழைத்து, மைக்ராஸ்கோப்பில் முதலில் அவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் கையால் எடுக்கும் செடியின் வித்தைப் பார்க்கும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில்.

அதன்பின் ஓட்டின் ஓரத்தில் துளையிட்டு நைலான் கயிற்றில் கோத்து, மிதவை வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டு வடகடல் பக்கம் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கினால் தென்கடல் கலங்கிவிடும், அங்கே வேண்டாம். வெறுமனே தொங்கவிட்டால் ஓரா மீன் ஒரே நாளில் மேய்ந்துவிடும். பழைய வலைத்துண்டில் பை தைத்து, உள்ளே ஓடு பையின் பக்கங்களில் உரசாதபடி கட்டுங்கள். வாரம் ஒரு முறை பையை நீருக்குள்ளேயே உதறிச் சேற்றைப் போக்கினால் போதும்.